ஒரு வழி போனால் மறு வழி! படைகளுக்குச் செய்தி போவது எப்படி?

ஒகேனக்கல்லில் காவிரி ஒரே ஆறாக ஓடவில்லை. பாறைகளுக்கு நடுவே பல கால்களாகப் பிரிகிறது. ஒரு வழியைப் பாறை மறித்தால், தண்ணீர் மறு வழியில் பாய்கிறது. பிறகு ஒன்று சேர்ந்து மேட்டூருக்குப் போகிறது.

ராணுவச் செய்தியும் இப்படித்தான் போகவேண்டும். ஒரே கம்பியை நம்பினால் ஆபத்து. எதிரி அதை அறுத்துவிட்டால், தளபதியின் கட்டளை எல்லைக்குப் போய்ச் சேராது. ஆகவே, பூமிக்கடியில் கண்ணாடி இழை, காற்றில் ரேடியோ அலை, வானத்தில் செயற்கைக்கோள் என்று பல வழிகள் வைக்கிறார்கள்.

வழி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவும் வேண்டும்.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் நகரில் இரட்டைக் கோபுரங்கள் எரிந்தன. ஒன்று சாய்ந்தது. "மற்றதும் விழப்போகிறது" என்று போலீஸ் ஹெலிகாப்டர் எச்சரித்தது. போலீஸ் ரேடியோ வேறு, தீயணைப்புப் படை ரேடியோ வேறு. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

இந்தியாவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் இணைக்கும் செய்தித் தொடர்பு அமைப்பை, 2016-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி அப்போதைய ராணுவ மந்திரி மனோகர் பாரிக்கர் தொடங்கிவைத்தார்.

வானத்தில் பறப்பவர் கண்டது தரையில் நிற்பவருக்கு உடனே தெரிந்தால், பல உயிர்கள் பிழைக்கும்.