மச்சான் கொண்டுவந்த டொலர்

2023 ஓகஸ்ட் நடுப்பகுதி. எம்.டி.எஃப்.இ. என்ற செயலியில் பணம் போட்டவர்களால் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்று பதில் வந்தது. பொறுத்திருந்தார்கள். சில நாட்களில் கணக்கிலிருந்த டொலரெல்லாம் போய், தொகைக்கு முன்னால் கழித்தல் குறி விழுந்தது. போட்ட காசு போனது போதாதென்று, இன்னும் கட்டவேண்டிய கடன் இருக்கிறது என்றது செயலி. பங்களாதேஷ், இலங்கை, நைஜீரியா என்று பல நாடுகளில் இது ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தது.

அதே மாதம் இலங்கை மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியதாகத் தான் தீர்மானித்த எட்டுப் பெயர்களை வெளியிட்டது. எம்.டி.எஃப்.இ.யோடு டியன்ஸ் லங்கா ஹெல்த் கெயார், பெஸ்ட் லைஃப் இன்டர்நெஷனல், மார்க்வோ, வீ.எம்.எல்., ஃபாஸ்ட் த்ரீ சைக்கிள், ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டி.டி. ஆகியவையும் அதில் இருந்தன. பின்னர் ஃபாஸ்ட்வின், விண்டெக்ஸ், லெட்ஜர் புளொக், கியூநெட் என்று பட்டியல் நீண்டது.

கியூநெட் இந்த நாட்டுக்குப் புதியதன்று. 2000களின் தொடக்கத்தில் தங்க நாணயம் வாங்கச் சொல்லி ஊர் ஊராக ஆள் சேர்த்த கோல்ட்குவெஸ்ட்டின் பிந்தைய பெயர்களில் ஒன்றுதான் அது. அன்றைய தங்க நாணயக் கூத்துக்குப் பிறகுதான் 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இத்தகைய திட்டங்களைக் குற்றமாக்கினார்கள். நாணயத்தின் இடத்துக்குப் பிறகு சத்து மாத்திரையும் மூலிகைத் தேநீரும் வந்தன. அதன் பின் கிரிப்டோ, இப்போது செயற்கை நுண்ணறிவு வர்த்தகம். பண்டம் மாறினாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர் மாறவில்லை. அவர் நமக்குத் தெரிந்தவர். பெரும்பாலும் நம்முடைய ஆள்.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீளும் ஊர்களில் இந்த அழைப்பு எப்படி வரும் என்பது பலருக்கும் தெரியும். "மச்சான், மஃரிபு தொழுதுட்டு வீட்டுக்கு வா. போன்ல சொல்லேலாது, நேர்ல காட்டுறன்." போனால் தேநீரும் பிஸ்கட்டும் இருக்கும். கூடவே புதுச் சட்டை போட்ட, முன்பின் தெரியாத ஒருவர். மச்சான் தன் கைத்தொலைபேசியை நீட்டி, நேற்று வந்த இலாபம், முந்தாநாள் வந்த இலாபம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார். அதில் கொஞ்சத்தை எடுத்து வீட்டுக்குச் சாமான் வாங்கியதையும் காட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காசு அவருக்கு உண்மையாகவே வந்தது. தனக்குப் பிறகு சேர்ந்தவர்களின் கையிலிருந்து வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை.

பெண்களிடம் பேச்சு வேறு மாதிரிப் போகும். "ராத்தா, நகையச் சும்மா அலுமாரியில வெச்சி என்ன செய்யப் போறீங்க? மூணு மாசத்துல மீட்டெடுத்துரலாம்." வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து சேர்த்த காசு, மகளின் கலியாணத்துக்கென்று செய்துவைத்த மாலை, வீட்டுக்கு மேல்தட்டுப் போட ஒதுக்கிய தொகை எல்லாம் ஈட்டுக்கடைக்கும் அங்கிருந்து செயலிக்கும் போவது இப்படித்தான்.

இந்தக் கரையின் குடும்ப அமைப்பே இதற்கு வழி வெட்டிக் கொடுக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதுதான் இங்கே வழக்கம். அதனால் ஒரே வளவிலும் ஒரே ஒழுங்கையிலும் அக்கா, தங்கை, சாச்சி, பெரியம்மா என்று தாய்வழிச் சொந்தம் அடுத்தடுத்துக் குடியிருக்கும். நகர வாழ்க்கையில் ஆறு பேரைச் சேர்க்க ஒருவர் அலைய வேண்டும். இங்கே வேலியைத் தாண்டினால் போதும். மருமகன் சேர்ந்தால் மாமி சேர்வாள். மாமி சேர்ந்தால் அவள் சீட்டுக் கூட்டமும் சேரும்.

சீட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிரமிட்டுக்காரர்கள் அதன் மதிப்பைத்தான் கடன் வாங்குகிறார்கள். பன்னிரண்டு பெண்கள் மாதம் பத்தாயிரம் ரூபா போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருத்தியின் கையில் 1,20,000 ரூபா சேரும். பன்னிரண்டாவது மாதம் கணக்கு முடியும். புதிதாக யாரும் சேர வேண்டியதில்லை. போட்டதற்கு மேல் யாருக்கும் வராது, குறைந்தும் வராது. இத்தனை தலைமுறையாக ரசீது இல்லாமல், வாய்ச்சொல்லில் அது நடந்துவருகிறது. "இதுவும் சீட்டு மாதிரித்தான்" என்று ஒருவர் சொன்னதும், அந்த நம்பிக்கை முழுவதும் பன்னிரண்டு பேரோடு முடியாத, முடியவும் கூடாத ஒன்றுக்குக் கைமாறிவிடுகிறது.

அது ஏன் முடியக்கூடாது என்பதை ஒரு கடதாசியில் எழுதிப் பார்க்கலாம். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரை என்று வைத்துக்கொள்வோம். 6, 36, 216, 1,296, 7,776, 46,656. ஏழாவது வரிசையில் 2,79,936 பேர் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகையே, பாலகர் முதல் கிழவர் வரை, ஏறக்குறைய ஆறரை இலட்சம்தான். எட்டாவது வரிசைக்கு 16,79,616 பேர் தேவை. அந்தக் கணக்கெடுப்பில் கிழக்கு மாகாணம் முழுவதிலும் இருந்தவர்கள் ஏறக்குறைய பதினைந்தரை இலட்சம்! மாகாணத்தின் மூன்று மாவட்டங்களில் அன்று இருந்த எல்லோரும் சேர்ந்திருந்தாலும் எட்டாவது வரிசை நிறைந்திராது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஆறு ஆறாகப் பெருகும் அமைப்பு எந்த வரிசையில் நின்றாலும், அதில் உள்ளவர்களில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை, ஆகவே வருமானமும் இல்லை. நடத்துகிறவர் நல்லவராக இருந்தாலும், காசோடு ஓடாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தாலும், இந்த விகிதம் மாறாது.

அப்படியிருந்தும் படித்தவர்கள் ஏன் விழுகிறார்கள்? 2022ஐ மறந்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். மாதச் சம்பளக்காரரின் கையில் இருந்த ரூபா கண்முன்னே கரைந்தது. வள்ளத்துக்கு எண்ணெய் இல்லை, வயலுக்கு உரம் இல்லை. அந்த வேளையில் டொலரில் வருமானம் என்று யார் வந்து சொன்னாலும் அது ஆசையைத் தூண்டும் பேச்சாகக் காதில் விழாது, தப்பிக்கும் வழியாகவே விழும். பேராசைக்காரர்கள் என்று ஏமாந்தவர்களைத் திட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம் ஊர்களில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. வங்கி வட்டியைத் தொட மனமில்லாத குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் "இது வட்டி இல்ல, இலாபத்துல பங்கு, ஹலால்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் இதைத்தான் செய்தது. 2006இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் பங்காளிகள் என்றும், மாதாமாதம் கிடைப்பது இலாபப் பங்கு என்றும் சொல்லப்பட்டது. நகைக்கடை இருந்தது. சிவாஜிநகரில் ஓர் அரசுப் பாடசாலைக்கு அந்த நிறுவனம் செய்த செலவைப் பார்த்து ஊரே மெச்சியது. மார்க்கப் பெரியவர்கள் சிலர் நல்வார்த்தை சொன்னார்கள். 2019 ஜூனில் அதன் தலைவர் முகமது மன்சூர் கான் துபாய்க்குப் போனார். முறைப்பாடு கொடுக்க வந்தவர்களின் எண்ணிக்கை 40,000ஐத் தாண்டியது. மறுமாதம் அவர் டில்லிக்குத் திரும்பியபோது கைதானார். பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அதிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த நடுத்தர, ஏழைக் குடும்பங்கள்.

மார்க்கத்தின் பக்கமிருந்து தெளிவான பதில் இல்லாமலும் இல்லை. சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு 2004இலேயே இத்தகைய சந்தைப்படுத்தலைக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. பொருள் வெறும் போர்வை, சேர்கிறவரின் நோக்கம் தரகுப் பணம், கொஞ்சம் கொடுத்து அதிகம் பெறும் ஆசையில் வட்டியும் நிச்சயமின்மையும் இரண்டுமே இருக்கின்றன என்பது அதன் வாதத்தின் சாரம். இன்னும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. பங்கு வியாபாரத்தில் இலாபமும் வரலாம், நட்டமும் வரலாம். மாதம் இத்தனை வீதம் நிச்சயம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால், அது இலாபப் பங்கு என்ற பெயருக்குரியதாக இராது. இதை வெள்ளிக்கிழமை குத்பாவில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்ல வேண்டும். எம்.டி.எஃப்.இ. என்றும் ஒன்மெக்ஸ் என்றும் பெயர் சொல்லியே சொல்ல வேண்டும்.

பெருந்தொகையான மக்கள் ஒன்றாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அல்பேனியா சாட்சி. அங்கே 1997இல் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது, அவை மக்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்த தொகை நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. அரசாங்கம் கவிழ்ந்தது. கலவரத்தில் சுமார் 2,000 பேர் இறந்தார்கள்.

கல்முனைக் கரையில் தெருவில் கலவரம் வராது. சண்டை வீட்டுக்குள்தான். பெருநாளைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. தங்கையின் கலியாணத்துக்கு மூத்த மச்சான் வருவதில்லை. கொடுத்த காசைக் கேட்டு உம்மா வீட்டு வாசலில் சண்டை. பணம் போட்டவர் முறைப்பாடு கொடுக்க நினைத்தாலும், யார் பெயரை எழுதுவது? செயலியின் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்த ஒரே பெயர் சொந்த மைத்துனரின் பெயர். அவரைப் பொலிஸில் மாட்டிவிட்டால் அக்காவின் குடும்பம் என்ன ஆவது? ஆகவே விஷயம் குடும்பத்துப் பெரியவர்கள் முன்னிலையிலோ பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன்னிலையிலோ பேசி முடிக்கப்படுகிறது. மைத்துனர் ஆட்டோவை விற்றுப் பாதியைக் கொடுப்பார். மேலே இருந்து அத்தனை பேரின் பணத்தையும் கொண்டுபோனவரின் பெயர் அந்தப் பேச்சில் வரவே வராது. ஊர் வாய்மூடியிருப்பதால் அவர் அடுத்த ஊரில், அடுத்த பெயரில் தொடங்குகிறார்.

சட்டமோ மைத்துனரையும் விடவில்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவு, இத்தகைய திட்டத்தைத் தொடங்குவது, நடத்துவது மட்டுமன்றி அதை ஊக்குவிப்பதையும் விளம்பரப்படுத்துவதையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்தாலும், தடை செய்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். மற்றவர்களுக்கு இழப்பு வரும் என்று தெரிந்தே செய்திருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு கடூழியச் சிறை. அதோடு இருபது இலட்சம் ரூபா அல்லது சேர்த்த தொகையின் இரு மடங்கு, இவற்றில் எது கூடியதோ அது. வட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி "சேருங்க, நான் பாத்துக்கிறன்" என்று எழுதுகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? ஒலுவில் பல்கலைக்கழக விடுதி அறைகளிலும் கல்முனை பஸார் கடைகளின் கல்லாப்பெட்டிகளிலும் இந்தப் பிரிவை அச்சடித்து ஒட்டினால் தகும்.

அழைப்பு வந்துவிட்ட வீடுகளில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இனி யாரும் புதிதாகச் சேரமாட்டார்கள் என்று வைத்துக்கொள், அப்போதும் இந்தக் காசு வருமா? மச்சானால் இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், சேர மறுப்பதோடு நிற்காமல் மத்திய வங்கியின் பட்டியலை அவரோடு உட்கார்ந்து பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அது அனுமதி பெற்றது என்று அர்த்தமில்லை. மத்திய வங்கி ஆராய்ந்து தீர்மானித்த பெயர்களே அதில் வருகின்றன, செயலிகளோ வாரத்துக்கு ஒன்று முளைக்கின்றன.

பணம் போய்விட்டவர்களுக்கு அவகாசம் குறைவு. செயலி மூடினால் ஆதாரமும் அதோடு போய்விடும். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, கிரிப்டோ மாற்றிய விபரம், கணக்குப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, குழுவில் வந்த குரல் பதிவு, கூட்டம் நடந்த ஹோட்டல் மண்டபத்தின் பெயர், திகதி எல்லாவற்றையும் உடனே சேமித்து, பொலிஸுக்கோ மத்திய வங்கிக்கோ எழுத்தில் கொடுக்க வேண்டும். கிழக்குக்கென்று மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. சேர்த்துவிட்ட மச்சானும் அந்த முறைப்பாட்டில் கூடவே நிற்க வேண்டும். சட்டத்தின் முன் தன் நிலை என்ன என்று அவர் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளட்டும், வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவருக்குக் கீழே சேர்ந்த ஆறு பேருக்கும் அவரை மட்டும்தான் தெரியும். அவருக்குத்தான் தனக்கு மேலே இருந்தவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும், பணம் போன கணக்கும் தெரியும்.