வளரும் வடிவ அமைப்புகள்

வளரும் வடிவ அமைப்பு என்பது, படிக்குப் படி ஒரே முறையில் பெரிதாகும் உருவங்களின் வரிசையாகும். படி எண்ணுக்கும், அப்படியிலுள்ள குச்சிகள் அல்லது புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு அதன் பொது விதி எனப்படும். பின்னர் கற்கவிருக்கும் இயற்கணிதத்திற்கு இதுவே அடித்தளம்.

எடுத்துக்காட்டு

ஒரு சதுரம் அமைக்க 4 தீக்குச்சிகள் வேண்டும். அதை ஒட்டி அடுத்த சதுரம் அமைக்க 3 குச்சிகள் போதும். ஒரு பக்கம் ஏற்கெனவே உள்ளது. இவ்வாறு வரிசையாக நீட்டினால் 4, 7, 10, 13 எனக் குச்சிகள் கூடும்.

"ஒவ்வொரு முறையும் 3 கூட்டு" என்பது சரியே. ஆனால் அதைக் கொண்டு 100 ஆவது படியை அறிய, 99 முறை கூட்ட வேண்டும். படி எண்ணிலிருந்து நேரடியாக விடை தருவதே பொது விதி.

விதி காணும் முறை

உருவத்தில் மாறாதது எது, வளர்வது எது என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கு இடது ஓரக் குச்சி 1 மாறாதது. ஒவ்வொரு சதுரத்திற்கும் 3 குச்சிகள் சேர்கின்றன. எனவே,

குச்சிகள் = 3 × படி எண் + 1

100 ஆவது படிக்கு 301 குச்சிகள்.

வேறு விதமாகவும் எண்ணலாம். 100 சதுரங்களுக்கு மேலே 100, கீழே 100, நிற்கும் குச்சிகள் 101. கூட்டினால் அதே 301. இரண்டு வழிகளும் ஒரே விடை தருவதைக் குழந்தைகளே கண்டறியச் செய்வது நல்லது.

பொதுவான தவறு

5 ஆவது படியில் 16 குச்சிகள். ஆகவே 10 ஆவது படியில் 32 என்று சிலர் இரட்டிப்பாக்குவர். சரியான விடை 31. ஐந்து சதுர வரிசைகள் இரண்டைச் சேர்த்து வைத்தால், சேருமிடத்தில் ஒரு குச்சி மிகுதியாக இருப்பதைக் காணலாம்.

முக்கோண எண்கள்

1, 3, 6, 10 எனப் புள்ளிகள் முக்கோணமாக வளரும்போது கூடும் அளவு மாறுகிறது. 4 ஆவது முக்கோணத்தைப் போன்ற இன்னொன்றைத் தலைகீழாகச் சேர்த்தால் 4 வரிசை, வரிசைக்கு 5 புள்ளிகள் கிடைக்கும். அதில் பாதி 10. எனவே விதி: படி எண் × அடுத்த எண் ÷ 2.

எண்கள் மட்டும் போதுமா?

வட்டத்தின் மேல் புள்ளிகள் குறித்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றுடனும் கோட்டால் இணைத்தால், 1 முதல் 5 புள்ளிகள் வரை வட்டம் அதிகபட்சமாக 1, 2, 4, 8, 16 பகுதிகளாகப் பிரியும். அடுத்தது 32 என்றே தோன்றும். ஆனால் 6 புள்ளிகளுக்குக் கிடைப்பது 31. ஆகவே விடை பொருந்துவது மட்டும் போதாது. அந்த விதி ஏன் வருகிறது என்பதை உருவத்தைக் காட்டி மாணவர் விளக்க வேண்டும்.