வீட்டிலிருந்தே லெ மான்: 24 மணி நேரப் பந்தயத்தைப் பார்க்கும் முறை

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 என்ற கார்ப் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதுவரை கார் பந்தயமே பார்த்திராத பல தமிழ் வீடுகளில் அன்று அந்த நேரலை ஓடியது. அவர் மூவண்ணக் கொடியோடு நின்ற காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய மணி நேரங்களில் திரையில் என்ன நடந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. கார்கள் வருகின்றன, போகின்றன. முன்னால் போகிற கார் உண்மையில் முன்னால் இல்லை என்கிறார் வர்ணனையாளர். ஒருவர் இறங்க, இன்னொருவர் ஏறுகிறார். சில அடிப்படைகள் பிடிபட்டுவிட்டால் இதைப் போல ஈர்க்கும் விளையாட்டு வேறில்லை என்பது என் கருத்து. அந்த அடிப்படைகளை, இந்த வகைப் பந்தயங்களில் தலையாயதான பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வைத்தே சொல்கிறேன். 1923இல் தொடங்கிய பந்தயம் அது. இப்போது ஆண்டுதோறும் ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். 24 மணி நேரத்தையும் கண் கொட்டாமல் பார்க்க வேண்டியதில்லை. காரை ஓட்டுகிறவர்களே மூன்று பேராக மாறி மாறித் தூங்கி எழுந்துதான் ஓட்டுகிறார்கள். ஒரு டிரைவர் எந்த 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது எந்தெந்த மணி நேரங்களைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான். அதற்கு நம் கடிகாரம் அழகாக ஒத்துழைக்கிறது.

அங்கே சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கொடி அசையும்போது இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 7.30. (சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 10 மணி.) ஜூன் மாதத்து ஐரோப்பாவில் சூரியன் இரவு 10 மணி வாக்கில்தான் மறையும். அதாவது நமக்கு நள்ளிரவு 1.30 ஆகும்வரை அங்கே வெளிச்சம்தான். அதன்பின் இருட்டு. அங்கே காலை 6 மணிக்கு விடியும்போது நமக்கு 9.30. ஆகவே லெ மானின் புகழ்பெற்ற இரவு நமக்கு விடிகாலையில் வந்து சேர்கிறது. முதல் மூன்று மணி நேரத்தைப் பார்த்துவிட்டு 11 மணிக்குப் படுத்துவிடுங்கள். காலை 5 மணிக்கு எழுந்து காபியோடு உட்கார்ந்தால் அங்கே நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. முகப்பு விளக்குகள் மட்டும் காட்டுக்குள் பாய்ந்து வரும், பிரேக் வட்டுகள் செக்கச் சிவந்து எரியும். 9.30 வரை அதைப் பார்த்துவிட்டு, குளியல், சாப்பாடு, வெளிவேலை எல்லாம் முடித்து மாலை 4.30க்குத் திரும்பினால் கடைசி மூன்று மணி நேரம் மீதம் இருக்கும். என்னைக் கேட்டால், தொடக்கத்தைத் தவறவிட்டாலும் விடிகாலையைத் தவறவிடக்கூடாது.

இனி களம். ஒரு சுற்று 13.626 கி.மீ. அதில் பெரும்பகுதி, ஆண்டின் மற்ற நாட்களில் ஊர் மக்கள் லாரியும் காரும் ஓட்டிப் போகிற சாதாரணச் சாலை. முல்சான் என்ற ஊரை நோக்கிப் போகும் 6 கி.மீ. நேர்ச்சாலையில் 1988இல் ஒரு கார் மணிக்கு 405 கி.மீ. வேகத்தைத் தொட்டது. இப்படியே விட்டால் ஆபத்து என்று 1990இல் அந்த நேர்ச்சாலையின் இடையில் இரண்டு வளைவுத் தடைகளைப் போட்டார்கள். சுற்று இவ்வளவு நீளமாக இருப்பதால் ஒரு முனையில் மழை கொட்டும், மறுமுனையில் தார் காய்ந்தே கிடக்கும். மழை டயர் போடுவதா, வழவழப்பான டயரிலேயே தாக்குப்பிடிப்பதா என்று அணிகள் தவிக்கிற நேரங்கள் பந்தயத்தின் மிகச் சுவையான பகுதி. அப்போது எழுந்து போகாதீர்கள்.

அடுத்தது, புதியவர்களை மிகவும் குழப்பும் விஷயம். ஒரே சாலையில் ஒரே நேரத்தில் மூன்று பந்தயங்கள் நடக்கின்றன. 2025இல் ஓடிய 62 கார்களில் 21 ஹைப்பர்கார்கள். ஃபெராரி, போர்ஷே, டொயோட்டா, காடிலாக், பிஎம்டபிள்யூ போன்ற பெரிய நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் பிரிவு இது. ஒட்டுமொத்த வெற்றியாளர் இங்கிருந்துதான் வருவார். 17 கார்கள் எல்எம்பி2 பிரிவு. அங்கே எல்லோருடைய காரும் ஏறக்குறைய ஒன்றேதான், வித்தியாசம் ஓட்டுகிறவர்களிடம். மீதி 24 எல்எம்ஜிடி3. இவை ஷோரூமில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களின் பந்தய வடிவம். ஒவ்வொரு அணியிலும் முழுநேர டிரைவர் அல்லாத ஒருவராவது இருந்தாக வேண்டும். தொழிலதிபர், மருத்துவர் என்று வேறு வேலை பார்க்கிறவர் உலகத்தர டிரைவரோடு ஒரே காரைப் பகிர்வது வேறெந்தப் பெரிய விளையாட்டிலும் எளிதில் காணக்கிடைக்காது.

எண் பலகையின் நிறத்தைப் பார்த்தால் பிரிவு தெரிந்துவிடும். சிவப்பு ஹைப்பர்கார், நீலம் எல்எம்பி2, இரண்டும் இல்லையென்றால் எல்எம்ஜிடி3. ஹைப்பர்கார் ஒரு சுற்றை மூன்றரை நிமிடத்தில் முடிக்கும். எல்எம்ஜிடி3 காருக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் என்றால் ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை வேகக் கார் மெதுவான காரைக் கடந்தாக வேண்டும், இரவிலும் மழையிலும்கூட. முன்னணிக் கார்களின் நேரம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த நெரிசலில் யார் எங்கே மாட்டிக்கொண்டார் என்பதைப் பொறுத்ததே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பந்தயத்தின் படம் தொலைக்காட்சியில் ஓடும். அதன் கணக்கு இணையத்தில் ஓடும் நேரப்பட்டியலில்தான் இருக்கிறது. கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் எண், பிரிவு, ஓட்டுகிறவர் பெயர், முடித்த சுற்றுகள், முன்னால் இருப்பவரோடு இடைவெளி, கடைசிச் சுற்றின் நேரம், எத்தனை முறை பிட்டுக்கு (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடம்) வந்தது: எல்லாம் அதில் வரிசையாக ஓடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் தொடக்கத்தில் இரண்டு பத்திகள் போதும். இடைவெளி ஒன்று, பிட் எண்ணிக்கை இன்னொன்று.

ஹைப்பர்கார் ஒருமுறை நிரப்பினால் பன்னிரண்டு சுற்று போல, அதாவது முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். பிட்டுக்குள் வந்து நிரப்பிக்கொண்டு மறுபடி சாலையைத் தொடுவதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஆக, ஒரு கார் 40 விநாடி முன்னால் இருக்கிறது, ஆனால் இன்னும் பிட்டுக்கு வரவில்லை. பின்னால் வருகிற கார் இப்போதுதான் நிரப்பிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது என்றால், உண்மையில் முன்னிலையில் இருப்பது இரண்டாவது கார். இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அந்தக் கணத்தில்தான் ஒருவர் இந்த விளையாட்டின் ரசிகர் ஆகிறார் என்று நினைக்கிறேன்.

இதே கணக்கில் டயரும் சேரும். ஒவ்வொரு முறையும் டயர் மாற்றத் தேவையில்லை. குளிர்ந்த இரவில் ரப்பர் மெதுவாகத் தேய்வதால் ஒரே டயர்களை மூன்று, நான்கு நிரப்பல்கள்வரை இழுப்பார்கள். நான்காவது முறையில் அந்த டிரைவரின் சுற்று நேரம் எவ்வளவு கூடுகிறது என்று பட்டியலில் கவனியுங்கள். கூடவில்லை என்றால் அவர் பெரிய ஆள்.

எரிபொருளைப் பற்றி ஒரு சொல். ஹைப்பர்கார் ஒரு நிரப்பலுக்கு இவ்வளவு ஆற்றல்தான் செலவழிக்கலாம் என்று வரம்பு உண்டு. சக்கரத்துக்குப் போகும் விசையை உணரிகள் அளந்துகொண்டே இருக்கும். மீதி எத்தனை விழுக்காடு என்பது திரையில் அவ்வப்போது வரும். 2024இல் இந்த எண்தான் கடைசிவரை எல்லோரையும் இருக்கை நுனியில் வைத்தது. முன்னிலையில் இருந்த 50ஆம் எண் ஃபெராரியின் கதவு, பந்தயம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் மூடாமல் ஆடத் தொடங்கியது. பிட்டுக்கு வந்து சரிசெய்யும்படி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். முன்கூட்டியே வந்ததால் கடைசிக் கணக்கு இடித்தது. நிக்லஸ் நீல்சன் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து ஓட்டி, 2 விழுக்காடு மட்டும் கையிருப்போடு, டொயோட்டாவை 14 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

அதே 2024 இரவு இன்னொரு பாடமும் தந்தது. கடும் மழையால் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக எல்லாக் கார்களும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்தன. விபத்து சிறியது என்றால் அந்தப் பகுதியில் மட்டும் மணிக்கு 80 கி.மீ. என்று கட்டுப்படுத்துவார்கள், மற்ற இடங்களில் பந்தயம் தொடரும். சேஃப்டி கார் வந்தால் நிலைமை வேறு. களம் நீளமானது என்பதால் கார்களை ஒன்றாகத் திரட்டி, பிரிவுவாரியாக வரிசைப்படுத்தி விடுவிக்கவே நெடுநேரம் பிடிக்கும். தூங்கவோ சமைக்கவோ அதுதான் தக்க நேரம். ஆனால் பச்சைக்கொடி வருவதற்கு முன் திரும்பிவிடுங்கள். சேர்த்துவைத்த முன்னிலை எல்லாம் கரைந்து, கார்கள் ஒட்டி நிற்கும்.

62 கார்களையும் பின்தொடர யாராலும் முடியாது. பந்தயத்துக்கு முன் ஒரு காரைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டி பிளாக்மோர் என்ற ஓவியர் எல்லாக் கார்களின் பக்கத் தோற்றத்தையும் வண்ணத்தில் வரைந்து வெளியிடும் அடையாள ஏடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தரவிறக்கி நிறத்தைப் பழகிக்கொள்ளுங்கள். முதலிடக் காரை எடுக்க வேண்டும் என்பதில்லை. எல்எம்ஜிடி3இல் எட்டாவதாக ஓடும் காரை நீங்கள் பிடித்துக்கொண்டால், அது ஆறாவது இடத்துக்கு ஏறிய செய்தியை எந்த வர்ணனையாளரும் சொல்லாமல் போகலாம். பட்டியல் சொல்லும்.

அடுத்த ஆண்டும் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சுவை சேர்கிறது: பழைய கணக்குகள் நினைவிருக்கும். 2016இல் டொயோட்டாவின் கசுகி நகாஜிமா முன்னிலையில் இருந்தார். பந்தயம் முடிய சில நிமிடங்களே இருக்கையில் கார் சக்தி இழந்து, தொடக்கக் கோட்டுக்கு அருகே நின்றது. போர்ஷே கடந்துபோய் வென்றது. இரண்டு ஆண்டு கழித்து டொயோட்டா முதன்முறையாக வென்றபோது கடைசியாகக் கோட்டைக் கடந்தவர் அதே நகாஜிமா. 2021இல் எல்எம்பி2 பிரிவில் முதலில் இருந்த காரும் கடைசிச் சுற்றில் நின்றுபோனது. அந்தக் காரின் மூவரில் இருவர் ராபர்ட் குபிட்சாவும் சீனாவின் யே யிஃபெயும். குபிட்சா போலந்துக்காரர், 2011இல் ராலி விபத்தில் வலது கை சிதைந்து, அதன்பின் பெரும்பாலும் இடது கை பலத்தில் ஓட்டுகிறவர். 2025இல் அதே இருவரும் பிரிட்டனின் ஃபில் ஹான்சனோடு சேர்ந்து 83ஆம் எண் மஞ்சள் ஃபெராரியில் ஒட்டுமொத்த வெற்றியே பெற்றார்கள். 387 சுற்று ஓடி, இரண்டாவது காரோடு இடைவெளி 14 விநாடி. கடைசிப் பகுதியைக் குபிட்சாவே ஓட்டி முடித்தார். 2021ஐப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிச் சுற்றில் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

387 சுற்று என்றால் 5,270 கி.மீ.க்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்து, நாகபுரியை நோக்கி நெடுந்தொலைவு திரும்பி வருகிற தூரம்.

இந்தப் பந்தயத்தில் தமிழ்நாட்டுப் பெயர்களும் உண்டு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009இல் ஆடி காரில் ஓட்டவிருந்தார். தொடங்கச் சற்று முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியதால் பந்தயத்தில் ஓட்ட முடியவில்லை. 2012இல் சென்னையின் கருண் சந்தோக், டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக்கோடு ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தார். லெ மான் 24இல் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான்.

எங்கே பார்ப்பது? லெ மானும் அது அடங்கிய உலக எண்டூரன்ஸ் தொடரும் அந்தத் தொடரின் அதிகாரபூர்வச் செயலியில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. கண் சோரும் நேரத்துக்கு ரேடியோ லெ மான் என்ற ஆங்கில ஒலிபரப்பு உண்டு. காதில் மாட்டிக்கொண்டு மாவு அரைக்கலாம், துணி மடிக்கலாம், பந்தயம் கைவிட்டுப் போகாது. துபாய் 24 அடங்கிய தொடரை யூடியூபில் காசில்லாமலே நேரலையாகப் பார்க்கலாம்.

நேரடியாக 24 மணி நேரத்தில் இறங்கத் தயங்குகிறவர்கள், இலையுதிர் காலத்தில் ஜப்பானின் ஃபுஜியில் நடக்கும் 6 மணி நேரப் பந்தயத்தில் தொடங்கலாம். அங்கே காலை 11 மணிக்குத் தொடங்குவது நமக்கு ஞாயிறு காலை 7.30. இருப்பவை ஹைப்பர்காரும் எல்எம்ஜிடி3யும் மட்டும் என்பதால் குழப்பம் குறைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடும். ஒரு காரைப் பிடித்துக்கொண்டு, பிட் எண்ணிக்கையை எண்ணிப் பழக அது போதும்.