உடையும்வரை தெரியாத கரை!

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்குள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்க ‘ஏரி வாரியம்’ இருந்ததைச் சொல்கிறது. கரை உறுதியாக இருக்கும்வரை, அதைக் காப்பவர்களை யாரும் நினைப்பதில்லை.

சர்வர், நெட்வொர்க், பேக்கப் என இரவு பகலாகக் கவனிக்கும் ஐடி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் இன்ஜினீயர்களின் நிலையும் அதுதான்.

2024 ஜூலை 19 அன்று அந்தக் கரை உடைந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

78 நிமிடங்களில் பிழை திருத்தப்பட்டது. ஆனால், கணினி ஸ்டார்ட் ஆனால்தானே திருத்தம் போய்ச் சேரும்? பல இடங்களில் இன்ஜினீயர்கள் ஒவ்வொரு கணினியாக ‘சேஃப் மோடில்’ திறந்து, பழுதான ஃபைலை அழித்தார்கள். டிஸ்க் பூட்டப்பட்ட கணினிகளுக்கு 48 இலக்க ரெக்கவரி கீ தேவைப்பட்டது. அந்தக் கீயை முடங்கிய சர்வரிலேயே வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதை!

உங்கள் லேப்டாப்புக்கும் அப்படியொரு கீ இருக்கலாம். இன்றே ஒரு தாளில் எழுதி, பீரோவில் வையுங்கள்.