காற்றுக்கு எதிரே ஒரு படகு

எட்டாம் வகுப்பில் விசை பற்றிய பாடம். "எதிர்க்காற்று அடிக்கும்போது பாய் கட்டிய படகு முன்னால் போகுமா?" என்று கேட்டேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் போகாது என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த தேவனாம்பட்டினத்துப் பையன் மட்டும், "நேரா போகாது சார். சாய்ச்சு சாய்ச்சுப் போகலாம். எங்க தாத்தா சொல்லியிருக்காரு" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி மறுபக்கச் சாய்வில் கொஞ்ச தூரம் என்று ஏறிப்போக வேண்டும். எங்கே திரும்புவது என்பதில்தான் பாய்மரப் படகுப் பந்தயத்தில் பாதி வெற்றி. நான் கடலூரில் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. அதன் பிறகே இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன்.

சிறுவர்கள் பழகும் படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. 8 அடி நீளம்கூட இல்லை. 15 வயது வரையுள்ள பிள்ளை அதில் தனியாகப் போக வேண்டும். பயிற்சியாளர் தள்ளித்தான் நிற்பார். வீட்டிலும் பள்ளியிலும் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்து கொடுக்கிறோம்; அங்கே அது நடக்காது.

மதிப்பெண் முறையும் எனக்குப் பிடித்தது. முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2. பல பந்தயங்களின் கூட்டுத்தொகை குறைவாக உள்ளவரே வெற்றியாளர். பெரும்பாலும் மிக மோசமான ஒரு பந்தயத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் தேர்வு முறையில் அந்தச் சலுகை ஏது!

எல்லாவற்றிலும் முக்கியமானது வழிவிடும் விதி. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். தவறினால் பெரும்பாலும் நடுவர் விசில் ஊத மாட்டார். தவறியவரே ஒதுங்கி, படகை இரண்டு முறை முழுவட்டம் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர வேண்டும்.

இதை வகுப்பு வினாடி வினாவில் வைத்துப் பார்த்தேன். தானாகச் சொன்னால் 2 மதிப்பெண் குறையும்; பிறர் கண்டுபிடித்தால் அந்தச் சுற்றே போய்விடும். இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மாணவி எழுந்து, "சார், நான் புத்தகத்தைப் பார்த்துட்டேன்" என்றாள். வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் இன்னும் இருவர் எழுந்தார்கள்.

சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தின் விவசாயக் குடும்பத்துப் பெண். போபாலில் பயிற்சி பெற்றவர். கடற்கரையிலேயே பிறக்கும் நம் பிள்ளைகளோ, இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே அறியாமல் பள்ளியை முடிக்கிறார்கள்.

அந்தப் பையனின் அப்பாவிடம் பேசினேன். 2004 சுனாமியைப் பார்த்த குடும்பம். "கடல்ல கெடக்க வேணாம்னுதான் சார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. உயிர்காப்பு உடுப்பு, பயிற்சியாளரின் துணைப்படகு பற்றிச் சொல்லி, நேஹாவின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சிதம்பரம் பக்கம் மாறுதலாகி வந்துவிட்டேன். பிச்சாவரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது, படகில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளிடம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்கிறேன். கிள்ளைப் பிள்ளைகள் யோசிக்காமல் கை காட்டுகிறார்கள்.