வெற்றிக்குப் பின்னே மறையும் மன அழுத்தம்

நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் நெஞ்சுப் படபடப்புடன் மருத்துவமனைக்கு வருகிறார். பொறுப்பான பதவி, நல்ல பெயர். ஆனால், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, கழுத்துவலி நீங்குவதில்லை. இ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை அனைத்தும் இயல்பாகவே உள்ளன. "மனக்கவலை ஏதேனும் உண்டா?" என்று மருத்துவர் கேட்டால், "அப்படி ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்.

இத்தகையோர் எந்த மருத்துவமனைக்கும் புதியவர்கள் அல்லர். திறமையும் உழைப்பும் மிக்கவர்களிடம் மன அழுத்தம் வெளியே தெரிவதில்லை. வேலை தடையின்றி நடப்பதால் அவர்களுக்குத் துன்பம் இருக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை.

ஏன் மறைகிறது?

"முதல் மதிப்பெண் எடுத்தால்தான் நான் நல்ல பிள்ளை" என்று இளமையில் பதிந்த எண்ணம், "தவறே செய்யாவிட்டால்தான் எனக்கு மதிப்பு" என்று பின்னர் உருமாறுகிறது. பாராட்டு கிடைத்தாலும் மனம் நிறைவதில்லை. "என் திறமையின்மை என்றாவது வெளிப்பட்டுவிடும்" என்னும் அச்சமே மிஞ்சுகிறது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1978ஆம் ஆண்டிலேயே இந்த அச்சத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினர். அதில் அவர்கள் விவரித்தவர்கள் சாதனை படைத்த பெண்களே.

நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் ஒலிம்பிக்கில் வென்ற பதக்கங்கள் 28. அவற்றுள் 23 தங்கம். 2012 லண்டன் போட்டிக்குப் பின் வாழவே விருப்பமற்ற நிலைக்குத் தாம் சென்றதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2014ஆம் ஆண்டில் அவர் சிகிச்சையை நாடினார். உலகமே வியந்த வெற்றிகளாலும் அவருடைய மனச்சோர்வைத் தடுக்க இயலவில்லை.

உடல் தரும் அறிகுறிகள்

• உறக்கக் குறைவு, அடிக்கடி தலைவலி, செரிமானக் கோளாறு
• சிறு பிழைக்கும் கடும் சினம் அல்லது குற்றவுணர்வு
• விடுமுறையிலும் ஓய்வெடுக்க இயலாமை
• முன்பு மகிழ்வளித்தவற்றில் நாட்டமின்மை
• உறங்குவதற்கு மதுவையோ மாத்திரையையோ நாடுதல்

இவை இருந்தால் முதலில் பொது மருத்துவரைக் காண்க. தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே போன்ற தொல்லைகளைத் தரக்கூடும். நெஞ்சுவலியை ஒருபோதும் "மன அழுத்தம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

உளவியல் சிகிச்சை எவ்வாறு உதவுகிறது?

"பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்?" என்று பலர் ஐயுறுகின்றனர். உளவியல் சிகிச்சை வெறும் ஆறுதல் பேச்சன்று. முறைப்படி அமைந்த பயிற்சி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது அதில் பரவலாக வழங்கும் ஒரு முறை. 1960களில் ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர் இதற்கு வித்திட்டார். பெரும்பாலும் வாரம் ஒரு முறை சந்திப்பு. பலருக்குச் சில மாதங்களில் நிறைவுறும்.

ஓர் எடுத்துக்காட்டு: அலுவலகக் கடிதம் ஒன்றை ஐந்து முறை சரிபார்த்த பின்னரே அனுப்புபவர் ஒருவர். "ஒரு பிழை இருந்தால் என் மதிப்பே போய்விடும்" என்பது அவர் எண்ணம். முக்கியமல்லாத ஒரு கடிதத்தை ஒரே ஒரு முறை படித்துவிட்டு அனுப்புமாறு சிகிச்சையாளர் கூறுவார். என்ன நடக்கும் என்று அஞ்சினார், உண்மையில் என்ன நடந்தது என்ற இரண்டையும் அவர் எழுதிவைக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்யும்போது அச்சத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை அவரே கண்டுகொள்கிறார்.

"அழுத்தம் குறைந்தால் என் திறமையும் குறைந்துவிடுமோ?" என்பது அடுத்த அச்சம். சிகிச்சை உழைப்பைக் கைவிடச் சொல்வதில்லை. உழைப்பை அச்சத்திலிருந்து பிரித்தெடுக்கிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படலாம். அதனை மனநல மருத்துவர் முடிவு செய்வார்.

குடும்பத்தாருக்கு

"உனக்கு என்ன குறை?" என்று கேட்காதீர்கள், அக்கேள்வி வாயை அடைத்துவிடும். "சில வாரங்களாக நீ சரியாக உறங்குவதில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அறிவுரை கூறாமல் கேளுங்கள். முதல் சந்திப்புக்குத் துணையாக வருவதாகக் கூறுங்கள்.

"நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற சொற்களைக் கேட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

வீட்டில் எல்லாப் பொறுப்பையும் சுமப்பவர் யாரோ, அவரிடம் இன்று ஒருமுறை கேளுங்கள்: "நீ எப்படி இருக்கிறாய்?" விடை வரும்வரை அருகிலேயே இருங்கள்.