பறக்க ஒரு மணி நேரம். விமானத்தைப் பிடிக்க இரண்டு மணி நேரம்!
தங்கவயலைத் தொடரும் 150 கி.மீ. விதி

புது தில்லி: கர்நாடகத்தில் நந்திதுர்க் என்ற பெயர் இரண்டு இடங்களுக்கு உண்டு. ஒன்று, பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகே உள்ள மலைக்கோட்டை. மற்றொன்று, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் சுரங்கம். பெயர் ஒன்றானாலும், விமானப் பயணத்தைப் பொருத்தவரை இரண்டுக்கும் இடையே தொலைவு அதிகம்.

தங்கவயலிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் வான்வழியில் சுமார் 65 கி.மீ. தான். சாலை வழியிலோ ஏறத்தாழ 100 கி.மீ. சென்றடைய இரண்டு மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு சுமார் 270 கி.மீ.; அட்டவணைப்படி பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரு விமான நிலையங்களையும் இணைத்து நேர்க்கோடு வரைந்தால், அது தங்கவயலுக்குச் சற்று வடக்கே செல்கிறது.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் வேலை தேடி நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புவதே பல ஆயிரம் குடும்பங்களின் வாழ்க்கையாகிவிட்டது. 2008 மே 24-ல் தேவனஹள்ளி நிலையம் செயல்படத் தொடங்கியதும், நகரின் கிழக்கே இருந்த எச்.ஏ.எல். நிலையத்தில் வழக்கமான பயணிகள் விமான சேவை நிறுத்தப்பட்டது.

<b>ஒப்பந்தத்தின் பிடி</b>

தேவனஹள்ளி நிலையத்துக்காக 2004 ஜூலையில் மத்திய அரசு செய்துகொண்ட சலுகை ஒப்பந்தத்தின்படி, அந்நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கி.மீ. வான்வழித் தொலைவுக்குள் வேறு சர்வதேச விமான நிலையத்தை அனுமதிக்க இயலாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. 2033 மே மாதம் வரை இந்த விதி நீடிக்கும். ஒசூர் பற்றி நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்கும் மத்திய அரசு இதையே பதிலாகத் தந்தது.

ஒசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27-ல் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். தங்கவயலிலிருந்து ஒசூர் வான்வழியில் 50 கி.மீ.க்குச் சற்றே அதிகம், தேவனஹள்ளியைவிட அருகில்.

கர்நாடக அரசும் பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் கேட்கிறது. 2025 ஏப்ரலில் விமான நிலையங்கள் ஆணையக் குழு பார்வையிட்ட இடங்கள் கனகபுரா சாலையிலும் குனிகல் சாலையிலும் உள்ளன. அவை நகரின் தெற்கிலும் மேற்கிலும் இருப்பவை. தங்கவயலோ கிழக்கே.

<b>திட்டத்தின் கணக்கு</b>

சுமார் 500 கி.மீ., ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ. 2,500 கட்டணம் என்பது 2016-ல் தொடங்கிய 'உடான்' திட்டத்தின் அடிப்படைக் கணக்கு. வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரமும் வாடகைக் கார் செலவும் அதில் இல்லை. சிறு நகரத்துப் பயணிக்கு உண்மையான சுமை அங்குதான் தொடங்குகிறது.

எனவே, ஒசூர் விவகாரத்தை இரு மாநிலங்களின் போட்டியாக மட்டும் பார்ப்பது சரியாகாது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் வாழும் தங்கவயல் மக்களும் அதில் பங்குதாரர்களே. 2033 வரை காத்திருப்பதா, ஒப்பந்தத்தைத் தளர்த்த வழி காண்பதா என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம் தில்லிதான்.